1,234,567,890-ஐத் தாளில் பிரிப்பது: பெரிய எண் ஒன்றின் குணங்களை எடுக்க முழுமையான வழிகாட்டி

பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, இதற்கு எத்தனை காரணிகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன, இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் தடுமாறுவது சூத்திரத்தில் இல்லை. சூத்திரம் எல்லாருக்கும் பாடம். எண்ணை முழுவதும் பிரித்து முடிக்காமலே சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறார்கள், அங்கேதான் கணக்கு கவிழ்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பிரிப்பதைப் பற்றித்தான் இருக்கும். குணங்கள் கடைசியில், கொஞ்சம் வேகமாக வரும்.

எடுத்துக்கொள்ளும் எண் 1,234,567,890. வெள்ளவத்தைப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளோடு எண் கணக்கு செய்யும்போது "ஏதாவது ஒரு பெரிய எண் சொல்லுங்கோ" என்றால் அடிக்கடி வருவது இதுதான், விசைப்பலகையில் வரிசையாக இருக்கிறதே. பார்க்க லேசாகத் தெரியும், உள்ளே ஒரு பொறி இருக்கிறது. பழகுவதற்கு அதுதான் வேண்டும்.

1. தொடங்குவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

சதுரக் கட்டம் போட்ட கொப்பி ஒன்று. பத்து இலக்க எண்ணை வெறும் தாளில் வகுத்தால் மூன்றாவது வரியிலேயே இலக்கங்கள் சரிந்துவிடும், அப்புறம் எந்த இலக்கம் எதற்குக் கீழே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேனை. பென்சில் வேண்டாம். வகுபடாத எண்களையும் நீங்கள் எழுதி வைக்க வேண்டும், "17 பார்த்தாச்சு, மீதி 2" என்பதும் ஒரு தகவல்தான். அழித்துவிட்டால் அரை மணித்தியாலம் கழித்து அதே 17-ஐத் திரும்ப வகுப்பீர்கள். பிழையான வரியைக் கோடு போட்டு வெட்டினால் போதும்.

12 இலக்கக் கல்குலேட்டர் ஒன்று, புறக்கோட்டைக் கடை மேசைகளில் கணக்குப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த வகை. எட்டு இலக்கக் கல்குலேட்டருக்குள் இந்த எண்ணே நுழையாது. போனில் இருப்பதும் சரிதான், ஆனால் நீளமான விடையை அது புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, 100 வரையான முதன்மை எண்களின் (பகா எண்களின்) பட்டியல். மொத்தம் 25. இதை நினைவில் இருந்து எழுதுகிறவர்கள் 51, 57, 87, 91 ஆகிய நான்கில் ஒன்றையாவது உள்ளே விட்டுவிடுவார்கள். 51 என்பது 3 × 17, 57 என்பது 3 × 19, 87 என்பது 3 × 29, 91 என்பது 7 × 13. எழுதிய பட்டியலை எண்ணிப் பாருங்கள், 25 வராவிட்டால் தொடங்க வேண்டாம்.

2. எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

1 | 234 | 567 | 890. இலட்சம், கோடி என்று வாசிக்கப் பழகியவர்களும் இங்கே மூன்று மூன்றாகவே பிரிக்க வேண்டும், அதுவும் வலப்பக்கத்திலிருந்து. நாலாவது படியில் வரும் சோதனை இந்தப் பிரிப்பை நம்பித்தான் இருக்கிறது.

பிரித்ததும் இலக்கங்களைக் கூட்டி ஓரத்தில் எழுதுங்கள்: 45. எண்ணைப் பார்த்து எழுதியதில் இலக்கம் ஒன்று மாறியிருந்தால் இந்தக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் காட்டாது, அதனால் ஒருமுறை வாய்விட்டு வாசித்தும் பாருங்கள்.

3. கண்ணுக்குத் தெரியும் காரணிகளை முதலில் கழற்றுங்கள்

கடைசி இலக்கம் 0, ஆகவே 10 ஆல் வகுபடும். 2-உம் 5-உம் ஒவ்வொன்று வெளியே வந்தன, மீதம் 123,456,789. இது ஒற்றை எண், 5-இல் முடியவும் இல்லை, ஆகவே 2, 5 இரண்டும் முடிந்தது.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45 என்பது 9 ஆல் வகுபடுவதால் எண்ணும் 9 ஆல் வகுபடும். 123,456,789 ÷ 9 = 13,717,421.

இங்கே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: ஒரு காரணியைக் கழற்றியதும் அதே காரணியை மீந்த எண்ணில் இன்னொருமுறை சோதியுங்கள். 13,717,421-இன் இலக்கங்களைக் கூட்டினால் 26, அது 3 ஆல் வகுபடாது. அப்போதுதான் "3-இன் சுட்டி சரியாக 2" என்று எழுதலாம். இதைச் செய்யாமல் விடுவதால் வரும் பிழை கடைசி விடையில்தான் வெளியே தெரியும். அதுகூட விடை தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால்.

சிறிய காரணிகளை முதலில் எடுப்பதற்குக் காரணம் அவை லேசு என்பது மட்டுமல்ல. எண் சிறுத்தால், எதுவரை தேட வேண்டும் என்ற எல்லையும் சிறுக்கும். 1,234,567,890-இன் வர்க்கமூலம் 35,000-க்கும் மேல். 13,717,421-இன் வர்க்கமூலம் 3,703-க்குச் சற்று மேல். வேலை எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள்.

4. 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில்

7 × 11 × 13 = 1001. 1000 என்பது 1001-ஐ விட ஒன்று குறைவு, ஆகவே மூன்று இலக்கக் கூட்டங்களை வலமிருந்து ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால், வரும் சிறிய எண்ணும் மூல எண்ணும் 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே மீதியைத் தரும்.

13 | 717 | 421-க்கு: 421 − 717 + 13 = −283. வகுபடுமா என்று மட்டும் அறிய, குறியை விட்டுவிட்டு 283-ஐப் பார்த்தால் போதும். 7 ஆல் வகுத்தால் மீதி 3, 11 ஆல் மீதி 8, 13 ஆல் மீதி 10. மூன்றும் இல்லை. எட்டு இலக்க எண்ணை மூன்று தடவை வகுக்கும் வேலை ஒரு வரியில் முடிந்தது.

இடமிருந்து பிரித்து 137 | 174 | 21 என்று எழுதிவிட்டுச் சோதனை செய்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். விடை என்று ஏதோ வரும், ஆனால் அதற்கும் 7-க்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

5. 17 முதல் 97 வரை வகுத்துப் பாருங்கள்

இது அலுப்பான பகுதி, குறுக்குவழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கல்குலேட்டரில் 13717421-ஐ ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்து, தசமம் வந்தால் முழு எண் பகுதியை அதே எண்ணால் பெருக்கி மீதியைக் குறியுங்கள். உதாரணமாக 17: 17 × 806,907 = 13,717,419, மீதி 2. மீதியைக் குறிப்பது கூடுதல் வேலைதான், ஆனால் பிறகு காரணிகள் கிடைத்ததும் அந்த மீதிகளை வைத்தே சரிபார்க்கலாம்.

97 வரை ஒன்றும் வகுபடாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பேனையை வைக்கிறார்கள்.

6. "மீந்தது முதன்மை எண்தானே?"

இல்லை. குறைந்தபட்சம், இதுவரை செய்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரு எண் முதன்மை என்று சொல்ல அதன் வர்க்கமூலம் வரை உள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுபடவில்லை என்று தெரிய வேண்டும். நமக்கு அந்த எல்லை 3,703. நாம் வந்திருப்பது 97 வரைக்கும்தான்.

இந்தச் சந்தேகம் பிள்ளைகளுக்கு வராததற்குக் கல்குலேட்டரும் ஒரு காரணம். காரணிப்படுத்தும் வசதியுள்ள விஞ்ஞானக் கணிகருவிகள் சிலவற்றில், கேசியோ 991 வரிசையில் வருபவை உட்பட, இந்த எண்ணைக் கொடுத்தால் 2 × 3² × 5 × (13717421) என்று காட்டும். அந்த அடைப்புக்குறி அழகுக்குப் போட்டதல்ல. "இதற்கு மேல் என்னால் பிரிக்க முடியவில்லை" என்பதுதான் அதன் பொருள். மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட முதன்மைக் காரணிகள் இரண்டு இருந்தால் அந்தக் கருவி நின்றுவிடும். "அண்ணா, கல்குலேட்டரே சொல்லிட்டுதே" என்று கொப்பியை நீட்டுவார்கள். கல்குலேட்டர் சொன்னது வேறு, தம்பி வாசித்தது வேறு.

பிரிக்க முடியுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. 2-ஐ, எண்ணில் ஒன்று குறைந்த அளவு சுட்டிக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்து மீதியைப் பார்ப்பது. எண் 2-ஐவிடப் பெரிய முதன்மை என்றால் மீதி 1-ஆகத்தான் இருக்க வேண்டும், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் அது. நம்முடைய 13,717,421-க்கு மீதி 1 வராது, ஆகவே இது நிச்சயம் சேர்த்தி எண், அதாவது முதன்மை அல்ல. காரணி ஒன்றுகூடத் தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

ஆனால் இதைக் கையால் செய்ய முயலாதீர்கள். திரும்பத் திரும்ப 23 தடவை வர்க்கிக்க வேண்டும், ஒவ்வொரு வர்க்கமும் 15 இலக்கம் வரை போகும், 12 இலக்கக் கல்குலேட்டர் தாங்காது. போனில் பைதன் செயலி இருந்தால் ஒரு வரி. அதோடு, மீதி 1 வந்தால் முதன்மை என்று முடிவுகட்டவும் கூடாது. 341 என்பது 11 × 31, ஆனாலும் 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் மீதி 1 தந்து ஏமாற்றும். "1 வரவில்லை" என்பது உறுதியான செய்தி, "1 வந்தது" என்பது வெறும் நம்பிக்கை.

7. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிப் பாருங்கள்

வரிசைப்படி வகுத்துக்கொண்டே போனால் சரியான காரணியை அடைய 500-க்கு மேற்பட்ட முதன்மை எண்களைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் ஃபெர்மாவின் முறையை ஒருமுறை போட்டுப் பார்ப்பது எப்போதும் இலாபம், அதற்குச் செலவு சில நிமிடங்கள்தான்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்தது: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). மீந்த எண்ணை இப்படி எழுத முடிந்தால் இரண்டு காரணிகளும் ஒரேயடியாகக் கையில் விழும். ஒற்றைச் சேர்த்தி எண் எதையும் இப்படி எழுதலாம், எத்தனை அடியில் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

தொடங்க வேண்டிய இடம் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண். அ-இன் வர்க்கம் எண்ணைவிடச் சிறிதாக இருந்தால் கழித்து வருவது மறை எண், அது வர்க்கமாக முடியாது. வர்க்கமூலம் 3,703-க்குச் சற்று மேல், ஆகவே 3,704.

3704² = 13,719,616. கழித்தால் 2,195. இது வர்க்கமா? 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடிய வேண்டும், 95-இல் முடிந்தால் வர்க்கம் இல்லை. மூலம் எடுத்துப் பார்க்கவே தேவையில்லை.

அடுத்தது 3,705. இதைத் திரும்ப வர்க்கிக்க வேண்டாம், நேரம் வீணாகும், பிழையும் அங்கேதான் நுழையும். அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை: 3704 + 3705 = 7,409. இதை முன்னைய 2,195-உடன் கூட்டினால் 9,604.

9,604 = 98². வந்துவிட்டது.

ஆகவே காரணிகள் 3705 − 98 = 3,607-உம், 3705 + 98 = 3,803-உம். ஐந்நூறு வகுத்தலுக்குப் பதில் இரண்டு கழித்தல்.

உண்மையில் ஒன்றே போதும். 13,717,421-ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1 (கடைசி இரண்டு இலக்கம் 21-ஐப் பார்த்தால் போதும்). எந்த வர்க்கத்தையும் 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும், ஆகவே வித்தியாசம் 1 ஆக வேண்டும் என்றால் அ ஒற்றையாகவும் ஆ இரட்டையாகவும் இருந்தே ஆக வேண்டும். 3,704 இரட்டை, அதைத் தொடாமலே தாண்டியிருக்கலாம். மீதி 3 தரும் எண்ணுக்கு இது மறுபக்கம், அ இரட்டையாக இருக்கும்.

இவ்வளவு விரைவில் கிடைத்ததற்குக் காரணம் இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பது. எல்லா எண்ணும் இப்படி இரங்காது. காரணிகள் தூரத்தில் இருந்தால் இந்த முறை வகுத்துப் பார்ப்பதைவிட மோசம். அதனால் முதலிலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: இருபது அடி. 3,704-இலிருந்து 3,723 வரை போய் ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த உழைப்பு வீண் இல்லை, 3,345 முதல் 3,703 வரை ஒரு காரணியும் கிடையாது என்று நிரூபித்திருப்பீர்கள். அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, 101-இலிருந்து வகுத்துக்கொண்டு 3,344 வரை போனால் போதும்.

8. கிடைத்த இரண்டும் முதன்மைதானா?

காரணி கிடைத்த சந்தோஷத்தில் இந்தப் படியை விடுகிறவர்கள் நிறைய. 3,607-உம் 3,803-உம் இன்னும் பிரியலாம் அல்லவா?

60² = 3,600, 61² = 3,721. ஆகவே 3,607-க்கு 59 வரை, 3,803-க்கு 61 வரை பார்க்க வேண்டும். ஆனால் வகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை! மூன்றாம், நாலாம், ஐந்தாம் படிகளில் 13,717,421-ஐ 97 வரையான எல்லா முதன்மை எண்களாலும் சோதித்துவிட்டோம். முழு எண்ணை வகுக்காதது அதன் காரணியையும் வகுக்காது. ஆகவே இரண்டும் முதன்மை, வேலை முடிந்தது.

பேனையால் எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

9. பெருக்கிச் சரிபாருங்கள், இரண்டு விதமாக

3607 × 3803 = 13,717,421 என்று கல்குலேட்டர் சொல்லும். கையால் பெருக்கியிருந்தால் 9-ஐயும் 11-ஐயும் வைத்துச் சோதியுங்கள்.

9-க்கு, ஓரிலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டுங்கள்: 3,607 தருவது 7, 3,803 தருவது 5, பெருக்கினால் 35, அதாவது 8. 13,717,421-இன் இலக்கக் கூட்டுத்தொகை 26, அதுவும் 8. சரி.

11-க்கு: வலமிருந்து ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 3,607 தருவது 10, 3,803 தருவது 8, பெருக்கினால் 80, மீதி 3. 13,717,421 தருவது −8, அதோடு 11-ஐக் கூட்டினால் 3. சரி.

இரண்டும் வேண்டும், ஏனென்றால் இலக்கங்கள் இடம் மாறினால் 9-க்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறியிருந்தால் 11 பிடித்துவிடும்.

ஐந்தாம் படியில் குறித்த மீதிகளும் இங்கே உதவும். 17-ஆல் 3,607 மீதி 3, 3,803 மீதி 12, பெருக்கினால் 36, மீதி 2. அன்றைக்குக் குறித்ததும் 2.

இப்போது கொப்பியில் ஒரு பெட்டி போட்டு எழுதுங்கள்:

1,234,567,890 = 2 × 3² × 5 × 3607 × 3803

இனி வரும் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான்.

10. எத்தனை காரணிகள்

ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 3 × 2 × 2 × 2 = 48. ஒன்றைக் கூட்டுவது ஏன் என்றால், 3² என்ற பகுதியிலிருந்து ஒரு காரணி 3-ஐ எடுக்காமலும் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம், மூன்று தெரிவுகள்.

48-ஐயும் எழுதிப் பார்க்க வேண்டுமா? 90-இன் 12 காரணிகளை (1, 2, 3, 5, 6, 9, 10, 15, 18, 30, 45, 90) ஒரு வரியில் எழுதி, அதை 1, 3607, 3803, 13717421 என்ற நான்காலும் பெருக்குங்கள். 12 × 4. ஒன்றும் விடுபடாது, ஒன்றும் இரண்டு தடவை வராது.

11. காரணிகளின் கூட்டுத்தொகை

ஒவ்வொரு முதன்மைப் பகுதிக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பெருக்க வேண்டும்:

(1 + 2) × (1 + 3 + 9) × (1 + 5) × (1 + 3607) × (1 + 3803) = 3 × 13 × 6 × 3608 × 3804

முதல் மூன்றும் சேர்ந்து 234. மேலே எழுதிய 90-இன் 12 காரணிகளைக் கூட்டினாலும் அதே 234 வரும், சரிபார்க்க அது போதும். 3608 × 3804 = 13,724,832. மொத்தம் 3,211,610,688.

இந்தப் படியின் நிரந்தரப் பிழை 3²-க்கு (1 + 3)² = 16 என்று எழுதுவது. 1 + 3 + 9 தான், 13. 16 எப்படி வருகிறது என்றால், 3-ஐ இரண்டு வெவ்வேறு முதன்மை எண்கள் போல நடத்துவதால், அப்போது 3 என்ற காரணியை இரண்டு தடவை எண்ணிவிடுகிறீர்கள்.

எண்ணையே கழித்தால் 1,977,042,798. இது எண்ணைவிடப் பெரிது, ஆகவே 1,234,567,890 ஒரு மிகை எண். இப்படிக் கழித்து வரும் தொகை எண்ணுக்குச் சமனாக இருந்தால் அது நிறைவெண், எண்ணைவிடக் குறைந்தால் குறை எண்.

12. ஓயிலரின் ஃபை

எண்ணுக்கு மேற்படாமல், அதனோடு 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை? அந்த எண்ணிக்கைதான் ஃபை. ஒவ்வொரு முதன்மைப் பகுதிக்கும்: 2-க்கு 1, 9-க்கு 6, 5-க்கு 4, பிறகு 3606, 3802. முதல் மூன்றும் சேர்ந்து 24. 3606 × 3802 = 13,710,012. மொத்தம் 329,040,288.

9-க்கு 2 × 2 = 4 என்று போடுவது மேலே சொன்ன அதே பிழை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 1 முதல் 9 வரை 3-இன் மடங்குகள் மூன்று, மிச்சம் ஆறு.

13. வர்க்கங்கள் பற்றிய கேள்விகள்

நிறைவர்க்கமா? இல்லை, எல்லாச் சுட்டிகளும் இரட்டையாக இருக்க வேண்டும். வர்க்கக் காரணி ஏதும் இல்லாத எண்ணா? அதுவும் இல்லை, 9 இருக்கிறது.

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாமா? எண்ணை 4 ஆல் வகுத்தால் மீதி 2 (90-ஐப் பாருங்கள்). வர்க்கங்களின் வித்தியாசம் 4-க்கு மீதி 2 தரவே தராது. ஆகவே முடியாது. இதற்குக் காரணிப்படுத்தவே தேவையில்லை.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக? இதற்குத்தான் முழுப் பிரிப்பும் வேண்டும். 4 ஆல் வகுக்க மீதி 3 தரும் முதன்மை எண் எதுவும் ஒற்றைச் சுட்டியோடு வரக்கூடாது என்பது விதி. 3-இன் சுட்டி 2, பரவாயில்லை. 3,607-இன் மீதி 3, சுட்டி 1. அங்கேயே முடிந்தது: முடியாது. 3,803-உம் அப்படியே.

மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். 4-ஆல் முடிந்த மட்டும் வகுத்த பிறகு 8-க்கு மீதி 7 தரும் எண்கள் மட்டுமே அதற்கு உதவாதவை, நம்முடையது 4 ஆல் வகுபடாது, 8-க்கு மீதி 2.

அடுத்தடுத்து வரும் நேர் முழு எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதம் என்று யாராவது கேட்டால், ஒற்றைக் காரணிகள் 24, அதில் ஒன்று குறைத்தால் 23. அதில் ஒன்று 411,522,629 + 411,522,630 + 411,522,631.

14. ஆறாம் படியில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்

13,717,421-ஐ முதன்மை என்று எடுத்துக்கொண்டு மேலே உள்ளதைத் திரும்பச் செய்து பாருங்கள். காரணிகள் 48-க்குப் பதில் 24. கூட்டுத்தொகை 3,209,876,748. ஃபை 329,218,080. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா என்றால், 13,717,421-இன் மீதி 1 என்பதால் "ஆம், முடியும்" என்று வரும். விடை தலைகீழ்! மீதி 3 தரும் இரண்டு எண்களைப் பெருக்கினால் மீதி 1 வந்துவிடுகிறது, அதுதான் ஏமாற்று.

கவனிக்க வேண்டியது, பிழையான கூட்டுத்தொகைக்கும் சரியானதற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. மிகை எண் என்ற முடிவும் மாறவில்லை. நிறைவர்க்கம் இல்லை என்பதும் மாறவில்லை. பாதி விடைகள் சரியாக வருவதால் மிச்சப் பாதியில் யாருக்கும் சந்தேகம் வராது.

15. வேறு எண்ணில் பழகும்போது

அடுத்ததாக 9,876,543,210-ஐ எடுங்கள். அதே இலக்கங்கள்தான், மறுபக்கம். 90-ஐக் கழற்றினால் 109,739,369. ஐந்தாம் படியில் 17-க்கு வந்ததும் வகுபடும், உடனே 19-க்குப் போகாமல் மீந்ததை இன்னொருமுறை 17 ஆல் வகுங்கள், திரும்பவும் போகும். மிஞ்சுவது 379,721.

இப்போது ஏழாம் படியின் ஃபெர்மா முறையைப் போட்டால் இருபது அடியிலும் ஒன்றும் வராது, ஏனென்றால் இந்த முறை மீந்தது உண்மையிலேயே முதன்மை. அதை நிரூபிக்க 616 வரையான முதன்மை எண்கள் தேவை, மொத்தம் 112, அதில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே 97 வரை பார்த்த பட்டியலும் ஃபெர்மாவின் இருபது அடிகளும் குறைத்துவிடும். இதே எண்ணை மேலே சொன்ன விஞ்ஞானக் கணிகருவியில் கொடுத்தால் அடைப்புக்குறி வராது, பெரிய முதன்மைக் காரணி ஒன்றே ஒன்று என்பதால் அதுவே பிரித்து முடித்துவிடும்.

காரணிகள் 72 வர வேண்டும். 48 வந்தால் 17-ஐ ஒருமுறைதான் எடுத்திருக்கிறீர்கள். இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா என்ற கேள்விக்கு இந்த எண்ணில் விடை "ஆம்".